நாகூர் நாயகர்

ஜமாதுல் ஆகிர் மாதத்துப் பிறை தென்பட்டதும், தஞ்சைச் சீமையின் கடலோரத் தாலூகாக்களிலிருந்து ஜனங்கள் நாகூருக்குப் புறப்படத் தொடங்குகின்றனர். சந்திரமானக் கணக்கை அனுசரித்து நடைபெறும் திருவிழாவாகையால் அது வருஷத்துக்குச் சுமார் பதினொரு நாள் முன்னோக்கி நகர்ந்துகொண்டே வரும். ஒரு காலத்தில் நடவு வேலைக்கிடையே வரும். சில ஆண்டுகள் கழித்துக் கோடையில் வரும். பிறிதொரு காலத்தில் ஐப்பசி அடைமழையோடு வந்து சேரும். எப்பொழுது வந்தாலும், பட்டுக்கோட்டையிலிருந்து முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி வழியாகக் கிழக்கே செல்லும் பஸ்களில், மஞ்சள் துணியில் காணிக்கைக் காசை முடிந்துகொண்ட கிழவிகளையும், முடியிறக்க வேண்டிய குழந்தையை மடியில் வைத்துக்கொண்ட தாய்மார்களையும் காணலாம். அவர்களில் ஹிந்துக்கள் எத்தனை பேர், முஸ்லிம்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டுமென்று நமக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

சென்ற கந்தூரியின்போது இப்பத்திரிகையில் நாம் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டோம். அதன் பேரில் நமக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று ஒரு ஹிந்து அன்பர் எழுதியது. வேற்று மதத்தினரும் வடநாட்டினருமான ஒருவரது சமாதிக்கு நம் ஸ்திரீகள் ஏன் போக வேண்டும், அதை ஒரு பத்திரிகை ஏன் பாராட்ட வேண்டும் என்பது அவருடைய கேள்வி. மற்றொன்று ஒரு முஸ்லிம் அன்பருடையது. இறைவன் ஒருவனிடமன்றி வேறெவரிடமும் வரங் கேட்பது தம் மார்க்கத்துக்கு விரோதமென்றும், நாம் அறியாமையை வளர்க்கிறோமென்றும் அவர் வருந்தியிருந்தார். இருவரும் கற்றோர், இருவரும் நேர்மையாகவே எழுதியிருந்தார்கள். ஆயினும் இருவர் கடிதத்திலும் அந்தப் பெரியார் யார், எங்கே பிறந்தார், யாரிடம் படித்தார், இந்தக் கடற்கரைக்கு ஏன் வந்தார் என்பதைப் பற்றி ஒரு வார்த்தையுமில்லை. ஆகவே அவருடைய சரித்திரத்தை நம்மால் இயன்ற மட்டில் சொல்லுவதென்று தீர்மானித்தோம்.

அதற்கு முன் வடக்கே சற்று நோக்குவது தகும். காஷ்மீரப் பள்ளத்தாக்கில் பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்த ஷேக் நூருத்தீன் என்ற முஸ்லிம் ஞானியை அந்நாட்டு ஹிந்துக்களும் முஸ்லிம்களும் நந்த ரிஷி என்றே அழைத்தனர். அவருக்கு முன்னவரான லல்லா என்னும் சைவ யோகினியே குழந்தையாயிருந்த அவருக்குப் பாலூட்டினாள் என்பது அப்பள்ளத்தாக்கின் கர்ண பரம்பரை. அது நடந்ததோ இல்லையோ, அவ்விதம் நடந்ததாக நம்புவதற்கு இரு சமயத்தாரும் விரும்பினர் என்பதே கவனிக்கத்தக்கது. சரார் ஷரீபிலுள்ள அவரது சமாதி 1995-ம் வருஷம் மே மாதத்தில், பட்டாளத்துக்கும் ஆயுதந் தாங்கியோருக்கும் நடந்த போராட்டத்தினிடையே தீக்கிரையாயிற்று. பிறகு அதைத் திரும்பக் கட்டினார்கள். பொதுவாக விளங்கும் புண்ணிய ஸ்தலம் எவ்வளவு எளிதில் எரியக்கூடியது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. காஷ்மீரத்துக்கு மலை எவ்வாறோ, அவ்வாறே நமக்குக் கடல். நம் கடற்கரையின் ரிஷி நாகூரில் அடங்கியிருக்கிறார்.

ஷாஹுல் ஹமீது என்பது அவரது பெயர். காதிர் வலி என்றும், மீரான் சாகிபு என்றும், எஜமான் என்றும் முஸ்லிம்கள் வழங்குவர். ஆனால் ஹிந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து வைத்த பெயர் நாகூர் ஆண்டவர் என்பதே. பழனியிலுள்ள குமரனுக்கும் நாகூரிலுள்ள பக்கீருக்கும் தமிழர் ஒரே பட்டத்தைச் சூட்டியிருக்கின்றனர்.

கங்கைக் கரையில், இக்காலத்து உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த பிரதாப்கர் ஜில்லாவிலுள்ள மாணிக்கபூரில் அவர் பிறந்தார். பிறந்த வருஷம் கி.பி. 1490 என்பாரும் 1504 என்பாரும் உளர். மறைந்த வருஷத்தையும் 1570 என்றும் 1579 என்றும் இருவிதமாகக் கணக்கிடுவர். பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பதில் ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை. தந்தையார் சையித் ஹசன் குத்தூஸ், தாயார் பாத்திமா. பாக்தாதில் வாழ்ந்த மகான் அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் வழித்தோன்றல் என்பது குடும்ப மரபு. இளம் பிராயத்திலேயே அரபு முதலிய பாஷைகளையும் மார்க்க நூல்களையும் கற்றுத் தேர்ந்து, நூலறிவோடு மனம் அமையாமல், குருவைத் தேடி வீட்டை விட்டுப் புறப்பட்டார்.

அவர் சென்றடைந்த இடம் குவாலியர். அங்கே இருந்தவர் முகம்மது கௌஸ் என்னும் சூபி ஞானி. இவ்விடத்தில் வாசகர்கள் சற்று நிற்க வேண்டும். முகம்மது கௌஸ் சாமானிய மனிதர் அல்லர். ஹுமாயூன் சக்ரவர்த்தியின் மதிப்பைப் பெற்றவர். அக்பர் காலத்தில் எழும்பிய அவரது சமாதி மண்டபம் இன்றும் குவாலியரில் கம்பீரமாய் நிற்கிறது; அதன் அருகிலேதான் சங்கீத சக்ரவர்த்தி தான்சேனும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். இவற்றையெல்லாம் விட முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. அமிருத குண்டம் என்ற யோக நூல் ஒன்று முன்னரே அரபு மொழிக்குச் சென்றிருந்தது. ஆசனங்களையும் பிராணாயாமத்தையும் சக்கரங்களையும் கூறும் அந்நூலைப் பாரசீகத்தில் விரிவாக ஆக்கித் தந்தவர் இதே முகம்மது கௌஸ். நம் நாகூர் ஆண்டவரின் குரு, யோகிகளோடு பழகி, அவர்களுடைய சாஸ்திரத்தைத் தம் சீடர்களுக்குப் பயன்படும்படி எழுதி வைத்த பெரியார். அத்தகைய குருகுலத்தில் பல ஆண்டுகள் பணிவிடை செய்தவர், பிற்காலத்தில் சைவமும் வைஷ்ணவமும் தழைத்த சோழ மண்டலத்துக்கு வந்தபோது, அந்நியராய்க் கூச்சப்பட்டு நின்றிருக்க மாட்டாரென்று நாம் ஊகிப்பதில் தவறில்லை. வேற்று மதத்தினர் என்று கடிதம் எழுதிய அன்பருக்கு இதைச் சொல்லவே நாம் ஆசைப்பட்டோம்.

குருவிடம் விடைபெற்ற பின் அவருடைய வாழ்க்கை முழுவதும் யாத்திரைதான். நானூற்று நான்கு பக்கீர்கள் அவரைப் பின்தொடர்ந்தார்கள் என்று வரலாறு கூறும். அவர் விவாகம் செய்துகொள்ளவில்லை. லாகூரில் நூருத்தீன் என்ற தனவந்தரும் அவர் மனைவி ஜொஹராவும் நெடுநாள் மகப்பேறின்றி இருந்து, இவரது ஆசியைப் பெற்று ஒரு புத்திரனை அடைந்தனர். அக்குழந்தையையே பின்னர் இவரிடம் ஒப்படைத்தனர் என்பது பிரசித்தம். அந்தப் பிள்ளையே யூசுப். கடைசிவரை தந்தையின் பக்கத்தில் இருந்தவர் அவரே.

மக்கத்துக்குச் சென்று ஹஜ்ஜை நிறைவேற்றிய பின், மரக்கலம் ஏறி மலையாளக் கரையில் பொன்னானி, பிறகு மாலத்தீவு, இலங்கை, காயல்பட்டினம், கீழக்கரை என்று ஊர் ஊராய்ச் சென்றதாக நூல்கள் கூறுகின்றன. சேகனாப் புலவரின் திருக்காரணப் புராணமும், நாகூர் குலாம் காதிறு நாவலர் எழுதிய கன்ஜுல் கராமாத்து என்னும் வசன நூலும் தமிழில் இவர் சரித்திரத்தை விரிவாய்த் தருவன. தமிழிலக்கியம் படித்தோம் என்று சொல்லிக்கொள்ளும் நம்மில் எத்தனை பேர் இவ்விரண்டின் பெயரையாவது கேட்டிருக்கிறோம்?

அவர் வந்த காலம் கடற்கரைக்குப் பொல்லாத காலம். 1498-ல் கோழிக்கோட்டில் இறங்கிய போர்த்துகீசியர், 1510-ல் கோவாவைப் பிடித்து, அந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் நாகப்பட்டினத்திலும் நிலைகொண்டுவிட்டனர். தங்களிடம் சீட்டு வாங்காத கப்பல்களைக் கொள்ளையிட்டும் மூழ்கடித்தும் வந்தனர். தலைமுறை தலைமுறையாக அரபு நாட்டோடும் கீழைத் தீவுகளோடும் வியாபாரம் செய்து பிழைத்த மரைக்காயர்களுக்குக் கடலே பயத்துக்கிடமாயிற்று. மீன்பிடித்து ஜீவிப்பவர்களின் நிலையும் அதைவிடச் சிறந்ததன்று. இத்தகைய கரையில் ஆயுதமின்றி, கப்பலின்றி, ஒரு கூட்டம் பக்கீர்களோடு ஒருவர் வந்து தங்கினார். பிற்காலத்தில் அவரைப் பற்றி எழுந்த கதைகளில் பாதி கடலையும் கப்பலையும் பற்றியவையாயிருப்பது இதனால்தான் என்று கருதுகிறோம்.

தஞ்சையில் அப்போது நாயக்கராட்சி. சேவப்ப நாயக்கர் அமைத்த ராஜ்யத்தை அவர் குமாரர் அச்சுதப்ப நாயக்கர் ஆண்டுவந்தார். அச்சுதப்பர் பரம வைஷ்ணவர். ஸ்ரீரங்கநாதனுக்கு அவர் செய்த திருப்பணிகள் பல. அவருடைய மந்திரி கோவிந்த தீக்ஷிதரோ வேத சாஸ்திரங்களில் கரைகண்டவர். அப்படிப்பட்ட அரண்மனைக்குள் ஒரு முஸ்லிம் பக்கீர் எவ்வாறு நுழைந்தார் என்பதைச் சொல்லும் கதை எல்லோரும் அறிந்ததே. அரசர் தீராத நோயால் வருந்திக் கிடந்தார். வைத்தியர்களும் மாந்திரீகர்களும் கைவிட்டனர். பெரியாரை அழைத்து வந்தார்கள். அவர் அரண்மனையின் மேல்மாடத்தில் ஒரு புறா கட்டுண்டு கிடப்பதைச் சொல்லி, யூசுபை அனுப்பி எடுத்துவரச் செய்தார். பில்லி வைத்தோர் அதன் உடம்பெங்கும் ஊசிகளைக் குத்தியிருந்தனர். ஒவ்வோர் ஊசியாகப் பெரியார் பிடுங்கப் பிடுங்க, அரசருடைய வேதனை தணிந்தது. புறாவைத் தடவிப் பறக்கவிட்டார். அரசர் கொடுக்க வந்த பொன்னையும் பொருளையும் அவர் ஏற்கவில்லை; கடலோரத்தில் தங்குவதற்கு இடம் மட்டும் கேட்டுப் பெற்றார். அந்த இடமே நாகூர்.

நாம் வக்கீல் தொழிலில் பழகியவர்கள். சாட்சியம் இல்லாததை நம்பும்படி வாசகர்களை வற்புறுத்தமாட்டோம். புறாவின் கதையை நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தக் கதையின் உள்ளே நிரூபணம் வேண்டாத ஒரு சங்கதி இருக்கிறது. ஸ்ரீரங்கத்துக்குப் பொன் கொடுத்த நாயக்க அரசர் நாகூரில் நிலம் கொடுத்தார் என்பதைச் சொல்ல இந்நாட்டு ஜனங்கள் கூச்சப்படவில்லை; அதில் யாதொரு முரண்பாட்டையும் அவர்கள் காணவில்லை.

இங்கே மற்றொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நோய் தீர்த்த கதையிலிருந்து, தர்காவுக்குப் போனால் வைத்தியம் வேண்டாமென்ற எண்ணம் பாமர ஜனங்களிடையே வேரூன்றியிருக்கிறது. புத்தி சுவாதீனமற்றவர்களைச் சங்கிலியால் பிணைத்து வைக்கும் வழக்கம் பல தர்காக்களைச் சுற்றி வளர்ந்தது. ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் 2001-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி, அத்தகைய விடுதி ஒன்று தீப்பிடித்தபோது, கட்டுண்டு கிடந்தவர்களில் 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர். புறாவின் உடம்பிலிருந்து ஊசியைப் பிடுங்கிய ஒருவரின் பெயரைச் சொல்லுகிற நாட்டில், மனிதர் காலில் விலங்கு பூட்டியது மன்னிக்கத்தகாத பாவம். அறியாமையை வளர்க்கிறோமென்று வருந்திய முஸ்லிம் அன்பரோடு இந்த ஒரு விஷயத்தில் நாம் முழுதும் உடன்படுகிறோம். சமாதியில் வரம் கேட்கலாமா கூடாதா என்பதோ அவர்களுடைய மார்க்க அறிஞர்கள் பேசித் தீர்க்க வேண்டியது. அந்த வழக்கில் நமக்கு வக்காலத்து இல்லை.

நாகூரில் அவர் வாழ்ந்த நாட்களைப் பற்றிச் சொல்லக்கூடியது கொஞ்சமே. ஊருக்கு வடக்கே, இப்போது காரைக்கால் பிரதேசத்தைச் சேர்ந்த வாஞ்சூரில் நாற்பது நாள் நிலத்தின் கீழ் தவமிருந்தார். கடற்கரையில் சில்லடி என்று வழங்கும் இடத்தில் தனித்திருந்து தொழுதார். யூசுபுக்கு விவாகம் செய்துவைத்தார். எளிய உணவு, எளிய உடை, வருவோருக்கெல்லாம் அன்னம். ஹிஜ்ரி 978, ஜமாதுல் ஆகிர் மாதம் பத்தாம் பிறையன்று காலஞ் சென்றார் என்பது தர்கா வழக்கு. அவர் குறிப்பிட்டிருந்த இடத்திலேயே யூசுப் அடக்கம் செய்தார். அன்று தொடங்கி அந்த யூசுபின் சந்ததியாரே தர்காவின் பரம்பரைப் பணியாளராய் இருந்துவருகின்றனர்.

கண்ணாடிக் கதை ஒன்று உண்டு. பெரியார் நாவிதரிடம் சவரம் செய்துகொண்டிருந்தபோது, நடுக்கடலில் ஓட்டை விழுந்து மூழ்கவிருந்த ஒரு கப்பலில் உள்ளவர்கள் கூவியழைத்தார்களாம். அவர் கையிலிருந்த முகக்கண்ணாடியை எறிந்தாராம். அது போய் ஓட்டையில் அடைத்துக்கொண்டதாம். அந்தக் கப்பலை டச்சுக்காரருடையது என்று பலர் சொல்லுவார்கள். குறுக்கு விசாரணை செய்யும் வழக்கம் நம்மை விடுவதில்லை. டச்சுக் கம்பெனியார் சோழ மண்டலக் கரைக்கு வந்ததே 1605-ம் வருஷத்தை ஒட்டித்தான். நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றியது 1658-ல். பெரியார் மறைந்ததோ அதற்கு எவ்வளவோ முன்பு. ஆகவே, நாகப்பட்டினத்தில் டச்சுக்கொடி பறந்த காலத்து ஜனங்கள், பழைய கதைக்குத் தங்கள் காலத்துக் கப்பலைக் கொடுத்துவிட்டார்கள் என்று கொள்ளவேண்டும். கப்பல் யாருடையதானாலும் அதிலிருந்தவர்கள் பிழைக்கவேண்டுமென்பதே கதை சொன்னவர்களின் கவலை. அவர்களைக் கொள்ளையிட்ட வெள்ளையர் இனத்தாரையே அதில் ஏற்றிக் காப்பாற்றியிருக்கிறார்கள்!

நாயக்கருக்குப் பின் தஞ்சை மராட்டியர் கைக்கு வந்தது. சிவாஜி மகாராஜாவின் சகோதரர் ஏகோஜியின் வம்சம் அது. அவ்வம்சத்தில் வந்த பிரதாபசிங்கர் 1739 முதல் 1763 வரை ஆண்டார். நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களுள் மிக உயர்ந்ததும், 131 அடி உயரமுள்ளதுமான பெரிய மினாராவைக் கட்டியவர் அவரே. பிள்ளை வரம் வேண்டி நேர்ந்துகொண்டு கட்டினார் என்று ஊரார் சொல்லுவர். அவர் குமாரர் துளஜா ராஜா தர்காவுக்கு இறையிலியாகக் கிராமங்களை விட்டார். சிவாஜியின் பெயரைச் சொல்லி முஸ்லிம்களை வெறுக்கச் சொல்லுகிறவர்கள் ஒருமுறை நாகூருக்குப் போய், அந்த மினாராவை அண்ணாந்து பார்த்துவிட்டு வருவது நல்லது.

அதே வம்சத்தார் நம் பட்டுக்கோட்டைக்கருகிலும் ஒரு கோபுரம் எழுப்பியிருக்கின்றனர். மல்லிப்பட்டினத்தை அடுத்த கடற்கரையிலுள்ள மனோராவை நம் வாசகர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடுவதற்காக இரண்டாம் சரபோஜி 1814-ம் வருஷத்தை ஒட்டிக் கட்டியது. மினாரா என்ற சொல்லே மனோராவாயிற்று. ராஜ்யத்தை ஆங்கிலேயரிடம் ஒப்புவித்துவிட்ட ராஜா, அவ்வாங்கிலேயருடைய வெற்றிக்குக் கட்டிய கோபுரத்தில் மாலை வேளையில் காற்று வாங்க ஜனங்கள் வருகிறார்கள். பாட்டனார் காலத்து மினாராவுக்கோ கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இதற்கு மேல் இவ்விரண்டையும் ஒப்பிட நமக்கு விருப்பமில்லை.

கப்பலேறிய தமிழ் முஸ்லிம்கள் தங்கள் ஆண்டவரையும் உடன்கொண்டு போனார்கள். சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையே நாகூர் தர்காவின் சாயலில் ஒரு நினைவிடம் கட்டினார்கள். 1974-ல் அது அந்நாட்டின் தேசிய சின்னமாக அறிவிக்கப்பட்டது. பினாங்கில் ஒன்று உண்டு. இலங்கையில் கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் வருஷந்தோறும் அவர் பெயரால் கொடியேறுகிறது. அவ்விடங்களில் எல்லாம் உடல் கிடையாது. நினைவு ஒன்றுக்காகவே ஜனங்கள் கூடுகின்றனர்.

நாகூரில் கந்தூரி பதினான்கு நாள். நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வடிவாக அலங்கரித்த ரதங்களில் கொடிகள் ஊர்வலமாக வந்து, ஐந்து மினாராக்களிலும் ஏறும். பத்தாம் இரவு, நாகப்பட்டினத்திலிருந்து புறப்படும் சந்தனக்கூடு விடியற்காலத்தில் வந்து சேர, சமாதிக்குச் சந்தனம் பூசுவார்கள். அந்தச் சந்தனத்தில் ஒரு துளியாவது பெற வேண்டுமென்று அலைமோதும் கூட்டத்தில் யார் எவரென்று அடையாளம் காண இயலாது. ஷிபா குளத்தில் முழுக்கு, முடியிறக்கல், கை கால் கண் உருவங்கள் பொறித்த தகடுகளைக் காணிக்கையிடுதல் ஆகியவை எல்லாம் நம் கோவில்களில் நடப்பவைதாம். கடலோடிகள் சிறு கப்பல் உருவத்தை வைப்பர். தகரத் தகடு விற்போர் கூட்டத்தைச் சுற்றிவளைத்து வாட்டுவதும், காணிக்கையென்று சொல்லி வெளியூராரை இழுப்பதும் சகிக்க முடியாதவை. தர்கா நிர்வாகிகள் இதில் கண்டிப்பாயிருப்பது அவசியம்.

2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி காலையில் சுனாமி அலை நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. அன்று தர்காவில் ஓடி வந்து புகுந்தோரை எம்மதத்தார் என்று எவரும் கேட்கவில்லை. கரையொதுங்கிய உடல்களுக்குப் பெயரே தெரியாதபோது மதம் எங்கே தெரியும்? தர்காவுக்குரிய நிலத்தில் அவர்களுள் பலரை அடக்கம் செய்தார்கள்.

கடைசியாக, நம் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்ல வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். நமக்கு நான்கு வயதில் காலில் ஒரு கட்டி புறப்பட்டு நெடுநாள் நடக்க முடியாமற் போயிற்றாம். சிவ பூஜை செய்யாமல் பச்சைத் தண்ணீரும் பருகாத நம் பாட்டியார், நாகூர் ஆண்டவருக்கு வெள்ளியில் கால் செய்து வைப்பதாக நேர்ந்துகொண்டார். வைத்தியரும் கீறி மருந்திட்டார், கால் குணமாயிற்று. பாட்டியார் தட்டானிடம் வெள்ளிக்கால் செய்து வாங்கி வைத்திருந்தும், போகப் போகவென்று தள்ளிப்போய், போகாமலே காலமானார். அது நம் இரும்புப் பெட்டியில், பத்திரங்களுக்கு அடியில், இத்தனை வருஷம் கிடந்தது. இங்கிலீஷ் படித்துச் சட்டமும் படித்த பிறகு, அதை எடுத்துக்கொண்டு நாகூருக்குப் போக நமக்கு வெட்கமாயிருந்தது என்பதே உண்மை. அந்த இரண்டு கடிதங்களையும் படித்த அன்றிரவு பெட்டியைத் திறந்து பார்த்தோம். வெள்ளி கறுத்துப் போயிருந்தது. திருநீறு போட்டுத் துலக்கி வைத்திருக்கிறோம். இவ்வருஷம் கொடியேறும் நாளன்று காலைப் பஸ்ஸில் நாமும் புறப்படுகிறோம்.